கொடியில் ஒரு வெள்ளை விரிப்பு

டெவன்போர்ட்
20 பிப்ரவரி 1956

அன்புள்ள சிரில் அண்ணாவுக்கு,

உங்கள் இருமல் விட்டதா? முரியல் அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நானும் மேவிஸும் சௌக்கியம் என்றுதான் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை அந்தப் படத்துக்குப் போனேன், 'இருட்டுக்கு வடக்கே'. கப்பலுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது என் கணவரோடு மூழ்கிய எங்கள் 'டார்ட்மீட்'தான் என்று இந்த ஊரில் பால்காரனுக்குக்கூடத் தெரியும். தப்பிப் பிழைத்தவர்களில் ஒருவரிடம் கேட்டு எழுதிய கதையாம். கொட்டகையில் பாதிப் பேர் பழைய மாலுமிகள். படம் பார்க்கவா விட்டார்கள்? "டேய், மீசை மட்டும் வெச்சிருக்கான்டா! கடற்படையில வெச்சா தாடியோட வை, இல்ல மொத்தமா மழின்னு அந்த நடிகனுக்கு யாரும் சொல்லலையா?" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். "தொப்பி இல்லாம சல்யூட் அடிக்கிறான் பாரு, வெளங்கிடும்!" என்று இன்னொருவர். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிறது. கரையில் ஒரு வீட்டுக் கொடியில் வெள்ளை விரிப்பு பறக்கிறது. ஒரு மாலுமி அதைக் காட்டி, "அதோ, எங்க வீட்டு விரிப்பு!" என்று சொல்லிச் சிரிக்கிறான். அவ்வளவுதான் காட்சி.

அண்ணா, அது என் விரிப்பு. என் ரெக் அதைக் கப்பலிலிருந்து பார்த்திருக்கிறார். பதினான்கு வருஷமாக எனக்கு இது தெரியாது. கப்பல் கிளம்புகிற நாளில் இங்கே எந்த மாலுமியின் மனைவியும் துணியைத் தண்ணீரில் போடமாட்டாள், ஆளையே கடலில் போட்டு அலசுவதாக நினைப்பார்கள். உங்களுக்கு இது கேலி. எனக்கு அப்படி இல்லை. அவர் நிஜமாகவே சிரித்தாரா? அல்லது படக்காரர்கள் சிரிக்க வைத்தார்களா? யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால், உனக்கு ஏன் இந்தக் கவலை என்பார்களே.

என் பெண் மேவிஸ் கல்யாணம் ஜூன் மாதம் என்று முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை டென்சிலின் அப்பா ஜாக் பெங்கெல்லியும் அதே கப்பலோடு மூழ்கிப்போனவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அண்ணிக்கு என் அன்பு.
ஹில்டா


லெஸ்டர்
27 பிப்ரவரி 1956

அன்புள்ள ஹில்டாவுக்கு,

இருமல் போய்விட்டது, காலுறை ஆலையின் பஞ்சு அதைத் திரும்பக் கூட்டிவரும். முரியலின் முழங்கால் மழையை முன்கூட்டியே சொல்கிறது. அதற்கு ரேடியோவில் வேலை வாங்கிக் கொடுக்கலாம்.

அடியே, அந்த விரிப்பை நீ ஆசைப்பட்டா துவைத்தாய்? பட்டாளத்தில் லீவு கிடைத்து உன் வீட்டுக்கு வந்தவன் நான். ரெக் கொண்டுவந்த கப்பல் ரம்மை நாய் மாதிரிக் குடித்துவிட்டு, சனிக்கிழமை ராத்திரி உங்கள் கட்டிலிலேயே வாந்தி எடுத்தவனும் நான். ரெக் என்னைத் தூக்கிக்கொண்டுபோய்த் தரையில் போட்டுவிட்டுச் சிரியோ சிரி என்று சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் கப்பலுக்குத் திரும்பினார், திங்கட்கிழமை நீ துவைத்தாய், அன்றைக்கே கப்பல் கிளம்பிவிட்டது. யுத்த காலத்தில் கப்பல் என்றைக்குக் கிளம்பும் என்று கடற்படை உனக்குத் தந்தியா அடித்தது? கப்பலை மூழ்கடித்தது ஜெர்மன்காரனின் குண்டு, சோப்பு இல்லை.

கடலே இல்லாத ஊரில் பிறந்தவள் நீ. அங்கே போய் அவர்களைவிடப் பெரிய மாலுமி மனைவி ஆகிவிட்டாய். அந்தப் படத்தைப் பற்றி நினைப்பதை நிறுத்து. கல்யாணத்துக்கு எனக்கு என்ன நிறத்தில் டை வேண்டும் என்று மட்டும் எழுது.

உன் அண்ணன்,
சிரில்


டெவன்போர்ட்
19 மார்ச் 1956

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் சரியில்லை. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

நிறுத்து என்கிறீர்கள், ஊர் நிறுத்தினால்தானே? 'துறைமுகச் செய்தி' பத்திரிகையில் படத்தைப் பற்றி வாசகர் கருத்து என்று ஒரு பக்கமே ஒதுக்கிவிட்டார்கள். முதல் வாரம் ஆண்கள். யுத்த காலத்தில் தொப்பி நாடாவில் கப்பல் பெயரே போடமாட்டார்கள், படத்தில் எப்படிப் போட்டார்கள் என்று ஒருவர். புகைபோக்கி பிற்காலத்துக் கப்பலுடையது என்று ஒருவர். கோகோவைப் பற்றி ஒரு சமையல்காரர் அரைப் பத்தி எழுதியிருந்தார், கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டுமாம், இது கழுநீர் மாதிரி இருக்கிறதாம். இரண்டாம் வாரம் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். புகைபோக்கியை மன்னிக்கலாம், அந்த விரிப்பை மன்னிக்க முடியாது, டெவன்போர்ட் பெண்களை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று ஒரே கூச்சல்.

முன்னால் நிற்பது யார் தெரியுமா? ஈடித் பெங்கெல்லி. டென்சிலின் அம்மா, என் வருங்காலச் சம்பந்தி. அந்தக் காட்சியை வெட்ட வேண்டும் என்று 'டார்ட்மீட்' விதவைகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நேற்று என் வீட்டுக்கு வந்தாள்.

"ரெக் போன கப்பலாச்சே, உன் பேருதான் மேல இருக்கணும்" என்றாள்.

"சினிமாதானே ஈடித், போகட்டுமே" என்றேன்.

"எப்படிப் போகட்டும்கிற? ஜாக் வாசல்ல திரும்பிப் பார்த்தப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு, இந்தத் தடவை லீவு முடிஞ்சு போறவர் சும்மா போகலை, கப்பல் கெளம்பப் போகுதுன்னு. மூணு நாளு நான் ஒரு கரண்டியக் கூடக் கழுவல. இந்த ஊர்ல அன்னைக்கு எவளாவது துவைச்சிருந்தா, அவ மனுஷியே இல்ல."

அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மேவிஸ் கல்யாணத் துணியைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அண்ணா. பயத்தில் போட்டேன். இவளுக்கு விஷயம் தெரிந்தால் என் பெண்ணை வாசலில் ஏற்றுவாளா?

எரித்துவிடுங்கள் இந்தக் கடிதத்தை. அண்ணி படிக்க வேண்டாம்.
ஹில்டா


லெஸ்டர்
26 மார்ச் 1956

அன்புள்ள ஹில்டாவுக்கு,

நாங்கள் நலம். அண்ணி படித்துவிட்டாள். இந்த வீட்டில் எனக்கு வரும் கடிதத்தை அவள்தான் முதலில் பிரிப்பாள் என்பது உனக்குத் தெரியாதா?

நீ கையெழுத்துப் போட்டது எனக்குப் பொறுக்கவில்லை. உன் வீட்டில் நடந்ததையே நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். ரெக் கடைசியாகப் பார்த்த நம் வீட்டுப் பொருள் அந்த விரிப்பு. அதைப் போய் வெட்டச் சொல்கிறாயே. "ஹில்டா பாவம், அவளைத் திட்டாதீங்க" என்று முரியல் சொல்வதால் இத்தோடு விடுகிறேன்.

நீ ஒரு கேள்வி கேட்டாய், ரெக் சிரித்தாரா என்று. அதற்குப் பதில் சொல்லக்கூடியவன் எங்காவது உயிரோடு இருப்பான். எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. இப்போது சொல்லமாட்டேன், சொன்னால் வேண்டாம் என்பாய்.

மேவிஸுக்கு மாமாவின் முத்தங்கள்.
சிரில்


டெவன்போர்ட்
12 ஏப்ரல் 1956

சிரில் அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை.

நீங்கள் பத்திரிகைக்கு எழுதியதைப் போட்டுவிட்டார்கள். 'அந்தக் காட்சி நிஜம். விரிப்பைத் துவைக்க வைத்தவனே நான்தான். அந்த மாலுமி சிரித்தாரா என்று கப்பலில் இருந்த யாராவது சொல்வீர்களா? இப்படிக்கு, கடலில்லாத ஊர்க்காரன் ஒருவன், லெஸ்டர்.' பெயரைப் போடாமல் பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டீர்கள்! இந்த ஊரில் லெஸ்டரிலிருந்து வந்த பெண் எத்தனை பேர் அண்ணா? என் பேச்சைக் கேட்டாலே கடைக்காரன் சொல்வானே!

ஈடித் வரவில்லை. மேவிஸ் அவளுக்குப் பின்னிக் கொடுத்திருந்த சால்வையைத் திருப்பி அனுப்பிவிட்டாள். டென்சில் வந்து வாசலிலேயே நின்றான். "அம்மா சாப்பிடவே மாட்டேங்கிறாங்க, அத்தை. நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டான். அவனும் கடற்படைக்காரன், அவனுக்கும் உள்ளுக்குள் பயம். மேவிஸ் என்னிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "நெஜமாவா, அம்மா?" ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை.

இனி எனக்காக எதுவும் செய்யாதீர்கள்.
ஹில்டா


லெஸ்டர்
16 ஏப்ரல் 1956

என் அருமை ஹில்டா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. நான் முட்டாள். கட்டிலில் வாந்தி எடுத்ததைவிட இது பெரிய முட்டாள்தனம். ரயிலேறி வந்து அந்த அம்மாள் காலில் விழவா? வா என்று ஒரு வார்த்தை எழுது.

சிரில்


லெஸ்டர்
7 மே 1956

அன்புள்ள ஹில்டாவுக்கு,

மூன்று கடிதம் போட்டுவிட்டேன். ஒன்றுக்காவது பதில் போடக் கூடாதா? தபால்காரர் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். முரியல் சமைக்கிறாள், பேசுவதில்லை. தட்டை மட்டும் சத்தமாக வைக்கிறாள்.

மேவிஸ் எப்படி இருக்கிறாள்? அதை மட்டுமாவது எழுது. என்னைத் திட்டியாவது எழுது.

சிரில்


டெவன்போர்ட்
28 மே 1956

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமா? நான் இன்று ஒரு முழுத் தட்டுச் சாப்பாடு சாப்பிட்டேன் என்று அண்ணியிடம் சொல்லுங்கள். உங்கள்மேல் கோபம் தீரவில்லை. இருந்தாலும் இதை உங்களுக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

வெள்ளிக்கிழமை பத்திரிகையில் உங்கள் கேள்விக்குப் பதில் வந்தது. ஹல் நகரத்தில் இருக்கும் வால்டர் ஃபிர்த் என்பவர் எழுதியிருந்தார். படக்காரர்களுக்குக் கதை சொன்னவர் அவர்தானாம். 'நான் சொன்னதை அவர்கள் கழுவித் துடைத்துச் சினிமாவாக்கிவிட்டார்கள்' என்று ஆரம்பித்திருந்தார். ரெக் படத்தில் வருகிற மாதிரி சிரிக்கவில்லையாம். கிளம்பும்போது எல்லோரும் வரிசையில் விறைப்பாக நிற்க வேண்டும், பேசக் கூடாது. ரெக் வாயோரமாகத்தான் சொன்னாராம்: "அங்க பாருங்கடா, என் மச்சான் பண்ணின வேலைய. என் பொண்டாட்டி ஊருக்கே கொடியேத்திக் காட்டுறா." வரிசையே குலுங்கியதாம். பக்கத்தில் நின்றவருக்குத்தான் அடக்கவே முடியவில்லையாம். "பெங்கெல்லி, பல்லை மூடு!" என்று அதிகாரி பெயர் சொல்லித் திட்டினாராம்.

நான் படித்து முடிப்பதற்குள் பின்கதவு தட்டப்பட்டது. ஈடித். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டிருந்தாள். பத்திரிகையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"உன் அண்ணன் அப்படி என்னதான் பண்ணினான்?" என்றாள்.

"எப்போ?"

"ஜாக் சிரிக்கிற அளவுக்கு என்ன பண்ணினான்னு கேக்குறேன்."

சொன்னேன். வேறு என்ன செய்வது?

"வாந்தியா?"

"ஆமா."

"கட்டில்லயா?"

"கல்யாணத்துக்கு எங்கம்மா கொடுத்த விரிப்புல."

அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று எழுந்தேன். சிரித்தாள், அண்ணா. தொப்பி கழன்று விழுகிற மாதிரி சிரித்தாள். "அவருக்கு அசிங்கமான ஜோக்குன்னா உயிரு. சர்ச்சுல கூட அடங்கமாட்டார்" என்றாள். அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். மேவிஸ் மாடியிலிருந்து ஓடிவந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர் சுடவைத்தாள்.

"இத்தனை வருஷமா அவரை நெனச்சாலே தண்ணிக்குள்ளதான் தெரிவார். இன்னைக்குக் காலையில பல்லைக் காட்டிட்டு நிக்கிறார், திட்டும் வாங்கிக்கிறார். எனக்கு அது போதும்" என்றாள்.

நான் கையைப் பிடிக்கப் போனேன். விலக்கிவிட்டாள்.

"நில்லு. உம்மேல கோவம் போகல. பொய்க் கையெழுத்து வேற போட்ட. ஏன் போனார்னு தெரிஞ்சா மனசு ஆறிடும்னு இருந்தேன். நீதான்னு தெரிஞ்சுது. ஒரு மாசமா உன்னைத் திட்டித் தீர்த்தேன். ஒண்ணும் ஆறல. அவர் செத்தது செத்ததாத்தான் இருக்கு. இதுக்காக என் பிள்ளையும் உன் பொண்ணும் எதுக்கு அழணும்?"

"அப்ப கல்யாணம்?" என்று மேவிஸ் கேட்டாள்.

"நடக்கும். ஆனா ஒரு நிபந்தனை. டென்சில் கப்பல் கெளம்புற ஒவ்வொரு நாளும் உங்கம்மா என் வீட்டுக்கு வந்திடணும். என் கண்ணு முன்னாடி, ரெண்டு கையையும் மேசை மேல வெச்சுக்கிட்டு உக்காரணும்."

இதைக் கேட்டு நீங்கள் கேலி பண்ணுவீர்கள். சரி என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் யாராவது கையைப் பிடித்து வைத்துக்கொண்டால் தேவலை என்றுதான் இருக்கிறது.

நீல நிற டை வாங்குங்கள்.
ஹில்டா


லெஸ்டர்
4 ஜூன் 1956

அன்புள்ள ஹில்டாவுக்கு,

முரியல் பேச ஆரம்பித்துவிட்டாள், இனி நிறுத்தமாட்டாள். நீல டை வாங்கிவிட்டேன். கல்யாணத்தில் எலுமிச்சைச் சாறு மட்டும்தான் குடிப்பேன் என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிடு.

மேசைமேல் கை வைத்துக்கொண்டு உட்காருவதாமே! ஆவிகளைக் கூப்பிடுகிற கூட்டமா நடத்துகிறீர்கள்? இருந்தாலும் போய் உட்கார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

சிரில்


டெவன்போர்ட்
9 ஆகஸ்ட் 1956

அன்புள்ள அண்ணாவுக்கு,

கல்யாணத்துக்கு வந்துபோன களைப்பு அண்ணிக்குத் தீர்ந்திருக்கும். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் நீங்கள் கொடுத்த கடிகாரத்தை முன்னறையில் வைத்திருக்கிறார்கள். அது பத்து நிமிஷம் முன்னாலேயே ஓடுகிறது.

செய்தி கேட்டிருப்பீர்கள். சூயஸ் கால்வாய் விவகாரத்தில் துறைமுகம் முழுக்கப் பரபரப்பு. லாரிகளுக்கு மணல் நிறத்தில் வர்ணம் அடிக்கிறார்கள். லீவில் இருந்தவர்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். டென்சிலின் கப்பல் திங்கட்கிழமை காலை கிளம்புகிறது. இந்தத் தடவை நாள் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்ததே மேல் என்று தோன்றுகிறது. வீட்டில் எதை எடுத்தாலும் கீழே போடுகிறேன்.

யுத்தம் வராது என்று ஆலையில் பேசிக்கொள்கிறார்களா? வராது என்றால் உடனே எழுதுங்கள்.
ஹில்டா


டெவன்போர்ட்
13 ஆகஸ்ட் 1956, மாலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தான். கை மரத்துப்போயிருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

விடிந்ததும் ஈடித் வீட்டுக்குப் போனேன். குழாயின் தலையில் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். "எனக்கே என் கைமேல நம்பிக்கை இல்ல" என்றாள். எதிரெதிரே உட்கார்ந்தோம். குடித்த கோப்பைகள் அப்படியே கிடந்தன. கிளம்பும் அவசரத்தில் மேவிஸ் தேநீரை மேசைத் துணியில் கொட்டிவிட்டாள். நான் என்னை அறியாமல் ஈரத் துணியைத் தேடி எழுந்துவிட்டேன். ஈடித் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "உக்காரு" என்றாள். அவள் விரல் பட்ட இடம் இன்னும் சிவந்திருக்கிறது.

வழியனுப்ப எல்லோரும் கப்பல் கடந்துபோகும் கரை முனைக்குப் போவார்கள், உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து கத்தினால் கப்பலில் இருப்பவனுக்குக் கேட்கும். மேவிஸ் கிளம்பினாள்.

"நீயும் போ ஈடித். உன் பிள்ளையாச்சே" என்றேன்.

"உன்னைத் தனியா விட்டுட்டா?"

"நானும் கூட வரேன். கையைக் கட்டிக் கூட்டிட்டுப் போ."

"வழியில மழை வந்து உன் பாவாடை நனைஞ்சு, நீ பிழிஞ்சிட்டா?"

போகவில்லை, அண்ணா. கப்பலின் ஊதல் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், என் கையை விடவில்லை. தன் பிள்ளைக்குக் கையசைக்கப் போகாமல் என் கையைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முனைக்குப் போன மேவிஸ் திரும்பி வந்து, "அத்தை, அம்மா எங்கன்னு அவர் சைகையில கேட்டார்" என்றாள்.

கப்பல் அலைதடுப்புச் சுவரைத் தாண்டியாயிற்று. "இனி கையை எடுக்கலாமா?" என்று கேட்டேன். "தெரியல" என்றாள். சாயங்காலம் வரை அப்படியே இருந்தோம்.

அண்ணிக்கு அன்பு.
ஹில்டா


லெஸ்டர்
13 ஆகஸ்ட் 1956, மாலை

அன்புள்ள ஹில்டாவுக்கு,

யுத்தம் வராது. ஆலையில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதில் ஒருவனுக்கும் சூயஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

இன்று காலை முரியல் வழக்கம்போல் துணிகளை ஊறவைக்கத் தண்ணீர் காய்ச்சினாள். இன்றைக்கு வேண்டாம் என்றேன்.

"திங்கக்கெழம துவைக்காம என்னைக்குத் துவைக்கிறது?"

"வேணாம்னா விடேன்."

"உங்களுக்கென்ன பைத்தியமா? இங்கருந்து கடல் எவ்வளவு தூரம் தெரியுமா?"

"தெரியாது. தண்ணியக் கீழ ஊத்து."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அவளே கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினாள். நல்ல வெயில். தெருவில் எல்லார் வீட்டுக் கொடியிலும் துணி பறந்தது. எங்கள் கொடியில் ஒன்றுமில்லை. முரியலுக்கு உடம்பு சரியில்லையா என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து விசாரித்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அழுக்குத் துணி மூலையில் குவிந்து கிடக்கிறது. நாளைக்காவது துவைக்கலாமா என்று முரியல் கேட்கிறாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை. என்ன சொல்லட்டும்? உங்கள் ஊரில் எத்தனை நாள் துவைக்காமல் இருப்பார்கள்? ஈடித்திடம் கேட்டு உடனே எழுது.

உன் அண்ணன்,
சிரில்